கரண்ட் இல்லாமல் சுற்றிய விசிறி

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீங்கள் கொடுத்துவிட்ட பேட்டரியைத் தவிர. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "அப்புறம்?" என்று கேட்டால் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்கே தெரியும்.

"இந்தச் செத்த பேட்டரிய நீயே சார்ஜ் ஏத்திக் கொண்டா, உன்ன என் ரிப்பேர் கடையில வேலைக்கு உக்கார வைக்கிறேன். ஆனா வர்றவங்ககிட்ட வாயத் திறந்து பேசணும்டி" என்றீர்கள். முதல் பாதியை ஒழுங்காகத்தான் தொடங்கினேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளை பெட்டியைக் கழற்றி, அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஹேர்பின்னால் சேர்த்தேன், உள்ளிருந்த விசிறி சுற்றியது. மஞ்சள் ஒயரில் பன்னிரண்டு வோல்ட்தான் வந்தது, அது பேட்டரிக்குப் போதாது என்று ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் பதினாலுக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றி, பேட்டரியோடு இணைத்து ஜன்னலோரம் வைத்தேன். அப்பாவுக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. விசிறி சுற்றினால் சார்ஜ் ஏறுகிறது என்று அவராகவே முடிவுகட்டி, நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். அப்போது பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நிற்கவில்லை.

"பாத்தீங்களா! கரண்ட்டே இல்ல, சார்ஜ் பாட்டுக்கு ஏறுது! எம் பொண்ணு செஞ்சது!" என்று தெருவையே கூட்டிவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா" என்றார். பேட்டரிதான் விசிறியைச் சுற்ற வைக்கிறது, ஏறியதெல்லாம் இறங்குகிறது என்று கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியும். ஒயரைக் கழற்ற அத்தனை பேரைத் தாண்ட வேண்டும், "தள்ளுங்க" என்று சொல்ல வேண்டும். விசிறி தானாக நிற்கும்வரை கூட்டம் கலையவில்லை. "பாவம், ஓடி ஓடிக் களைச்சுப் போச்சு" என்றார் அப்பா.

கரண்ட் வந்ததும் மறுபடி சார்ஜ் போட்டிருக்கிறேன். ஆனால் வாய் திறப்பது என்னால் ஆகாது. கடையின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி ஒரு ஸ்டூல் போதும். அதுவும் முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருத்தப்பட மாட்டேன். அதாவது, படுவேன், சொல்ல மாட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மறுபடி கரண்ட் போனது. அப்பா வாசலுக்கு ஓடி, "வாங்க வாங்க, சுத்துது!" என்று தையல்காரரைக் கூப்பிட்டார். "அப்பா! மொதல்ல ஒயரக் கழட்டுங்க! அது பேட்டரியத் தின்னுக்கிட்டிருக்கு!" என்று ஒரு குரல் தெருமுனை வரை போனது. அப்பா பதறி ஓடிவந்து கழற்றிவிட்டு, கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தார். அங்கே என்னைத் தவிர யாருமில்லை.

ஸ்டூலை முன்பக்கமே போட்டுவிடுங்கள், அத்தை.