பெரியது முன்னால், சின்னது பின்னால்

பால் அளக்கும் விஷயத்தில் மனிதரை நம்பக் கூடாது என்று மேலிடத்தில் கொள்கை முடிவு எடுக்கப்பட்டதன் விளைவாக, கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள சிறு விவசாயிகள் பால் சங்கத்துக்கு ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. கோயமுத்தூரில் செய்தது. குறை சொல்ல முடியாத மெஷின். யார் ஊற்றினார், எத்தனை லிட்டர் என்பதைத் தானே அளந்து கோப்பில் எழுதிவிடும். ஆனால் நாம் படிக்கிற எழுத்தில் அல்ல. பைட் பைட்டாக, கவுளிக் கட்டு வெற்றிலை போல நெருக்கி அடுக்கிவிடும். அதைப் பிரித்துப் படிக்கிற புரோகிராம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற பொறுப்பு தமிழ்ப்ரியாவுக்கு. அவள் கம்ப்யூட்டர் படித்தவள், ஒப்பந்த ஊழியர். அதாவது எது கெட்டாலும் அவளால்தான்.

முதல் நாளே புரோகிராம் படுத்துக்கொண்டது. "எட்டு பைட் தேவை, ஏழுதான் உள்ளது" என்று திரையில் காட்டிவிட்டு, அதற்குமேல் பேசவில்லை. பால் தரவு ஒருங்கிணைப்பு அலுவலர் பூபதிராஜா ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எத்தனை குறையுது?"

"ஒண்ணுங்க சார். ஆனா நெசமாக் குறையலைங்க. மெஷினு ஆளோட கோடு நம்பருக்கு அஞ்சு, லிட்டருக்கு ரெண்டுன்னு ஏழு பைட்டை ஒட்ட ஒட்ட எழுதுது. புரோகிராமு நடுவுல ஒரு காலி எடம் இருக்கும்னு நெனைக்குது."

"கம்ப்யூட்டரே குறையுதுங்குது, நீ இல்லைங்கறே. ஒரு பைட்டுதானே? வாங்கிரலாம். மூணு கடையில கொட்டேஷன் வாங்கு."

கொழிஞ்சாம்பாறையில் பைட் விற்கும் கடை இல்லை என்று தமிழ்ப்ரியா எழுதிக் கொடுத்தாள். பொள்ளாச்சியில் விசாரித்தீர்களா என்று பதில் வந்தது. விசாரித்ததாக எழுதினாள். அதன் பின்னரே கொள்முதல் நடவடிக்கை கைவிடப்பட்டு, காலி இடம் வேண்டாம் என்று புரோகிராமுக்குச் சொல்லும் ஒரு குறியைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

அந்தக் குறியில் இரண்டு வகை. ஒன்று போட்டால் எண்ணின் சின்னப் பங்கை முதலில் படிக்கும். திருப்பிப் போட்டால் பெரிய பங்கை முதலில் படிக்கும்.

"மெஷினு சின்னதைத்தான் முன்னால எழுதுதுங்க சார். நாமளும் அப்படியே படிக்கோணும்."

பூபதிராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பியூன் முன்னால போயி, அதிகாரி பின்னால வர்ற ஆபீஸை நீ எங்காச்சும் பார்த்திருக்கியா? பெரியது முன்னால், சின்னது பின்னால். அதுதான் முறை. அப்படியே போடு." அப்படியே உத்தரவும் வந்துவிட்டது.

மறுநாள் காலை பழனாத்தாள் எட்டு லிட்டர் ஊற்றினாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு சிந்து மாடு. வீட்டில் அடுப்பு எரிவது அதன் தயவில்தான். மெஷின் எட்டு என்றுதான் எழுதியது. பெரிய பங்கில் வரும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு இருநூற்று ஐம்பத்தாறு. புரோகிராம் பெரியது முன்னால் என்று அந்த எட்டைப் பெரிய பங்காகப் படித்து, இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு லிட்டர் என்று அறிவித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோர் மாட்டுக்கும் அன்று அதே யோகம்தான்.

பூபதிராஜா பூரித்துப்போனார். ஒரே காலையில் உற்பத்தி இருநூறு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அதற்குக் காரணம் தமது வழிகாட்டுதலே என்று மேலே எழுதினார். ஒரு சின்னச் சிக்கல்தான். நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் ஊற்றுபவர் சிறு விவசாயி அல்ல, தொழிற்சாலை. தொழிற்சாலையிடம் சங்கம் பால் வாங்கக் கூடாது என்பது விதி. அடுத்த நாள் மற்றவர்களுடையதைப் போலவே பழனாத்தாளின் கேனும் வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

"ஏனுங்க சார், என்ற மாட்டை ஒருக்கா வந்து பாருங்க. ஊட்டுக்குப் பின்னாலதான் கட்டியிருக்கேன்."

"மாட்டைப் பார்க்க எனக்கு அதிகாரமில்லைம்மா. நான் தரவைத்தான் பார்க்கலாம். கழிவுநீர்ச் சான்று, தீயணைப்புச் சான்று ரெண்டும் கொண்டா. தொழிற்சாலைக் கணக்குல உன்னை வேற எடத்துல சேர்த்துக்க முடியுமான்னு பார்க்கறேன்."

பழனாத்தாள் தமிழ்ப்ரியாவிடம் வந்தாள். "ஏங்கண்ணு, மடி கனத்துக் கெடக்குது. கறக்காம உட முடியுமா? கறந்து எங்க கொண்டுபோயி ஊத்தறது?"

தமிழ்ப்ரியாவுக்கு மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது குறியைத் திருப்பிப் போட்டாள். எட்டு எட்டாகவே வந்தது. பால் உள்ளே போனது. மத்தியானத்துக்குள் ஓலை வந்துவிட்டது: ஒரே காலையில் உற்பத்தி அதலபாதாளத்துக்கு விழுந்தது எப்படி? அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள். உண்மை என்பது விளக்கமாகாது என்று பதில் வந்தது. கூடவே குறியும் பழையபடி திருப்பி வைக்கப்பட்டது. மெஷின் தமிழ்நாட்டில் செய்தது, புரோகிராம் கேரளத்துடையது. ஆகவே எதை முன்னால் படிப்பது என்பது ஆற்றுத் தண்ணீர் போல இரு மாநில விவகாரம், கூட்டுக்குழு பேசித்தான் முடிவு செய்யும் என்று பூபதிராஜா விளக்கினார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒரே ஒருவர் கணக்கு மட்டும் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவர் குப்பண்ணன். அவர் மாடு பால் வற்றி வெகுநாளாகிவிட்டது. ஆனால் தினமும் மெஷினில் பெயர் விழாதவர் தலைவராக நீடிக்க முடியாது. அதனால் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, காலிக் கேனை மெஷினில் வைத்து, எடுத்துக்கொண்டு போவார். மெஷின் பூஜ்யம் என்று எழுதும். பூஜ்யத்தை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் பூஜ்யம்தான்.

"பார்த்தியா, ஒரு மனுசன் ஒழுங்கா இருந்தா கம்ப்யூட்டரும் ஒழுங்கா இருக்குது" என்றார் பூபதிராஜா. மற்ற உறுப்பினர்களும் தலைவரைப் பின்பற்றுமாறு சுற்றறிக்கை வந்தது.

பழனாத்தாள் யோசித்தாள். "நானும் காலிக் கேனை வெச்சுப்போட்டுப் போறேன் கண்ணு. சங்கத்துல பேரு நிக்கும். பாலைப் பொள்ளாச்சி வண்டிக்காரனுக்கு ஊத்திக்கறேன். அவன் அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பான், பரவால்லை."

"குறியைச் சரி பண்ற வரைக்கும் அப்படிச் செய்யுங்கக்கா" என்றாள் தமிழ்ப்ரியா.

ஊர் முழுக்க அப்படியே செய்தது. விடிந்தால் சங்கத்து வாசலில் காலிக் கேன்களோடு நீண்ட வரிசை. திரையில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். ஒரு பிழை இல்லை. பிழையற்ற சங்கம் என்று கேடயம் கொடுத்தார்கள். குப்பண்ணனுக்குச் சால்வை போட்டார்கள். அந்த விழாவுக்குத்தான் கூட்டுக்குழுவின் முடிவும் வந்து சேர்ந்தது: சின்னதை முன்னால் படித்துக்கொள்ளலாம்.

தமிழ்ப்ரியா எல்லோர் முன்னிலையிலும் குறியைத் திருப்பினாள். திரையில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.

"எந்தப் பக்கம் வெச்சாலும் ஒண்ணுதான்" என்றார் பூபதிராஜா. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" தேவையற்ற புகார் எழுப்பியதற்காக அவளிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. நேரே பழனாத்தாள் வீட்டுக்குப் போனாள். "நாளைக்குத் தைரியமா ஊத்துங்கக்கா. எல்லாம் சரியாயிருச்சு."

காலையில் பழனாத்தாள் எட்டு லிட்டர் ஊற்றினாள். மெஷின் எட்டு என்றது. புரோகிராமும் எட்டு என்றது. தமிழ்ப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் அடித்தது.

"ஒரு எடத்துல எட்டுன்னு காட்டுது. எங்க பிழை?" என்றார் பூபதிராஜா.

"பிழை இல்லைங்க சார். பால்."

"பாலா? சங்கத்துக்குள்ள பால் எப்படி வந்துச்சு?"

அவள் போனைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள். காலிக் கேன்களோடு நின்றவர்கள் ஒருவரும் பழனாத்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மணி, அதை அழிச்சுப்போடு" என்றார் குப்பண்ணன். "ஒருத்தியால ஊருக்கு வந்த கேடயம் போயிரும்."

"ஆமாங்க, அழிச்சுரட்டும்" என்றது வரிசை.

தமிழ்ப்ரியா திரும்பிப் பார்த்தாள். மேசையில் விளக்கம் கேட்ட ஓலை கிடந்தது. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அவள் எட்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் அடித்தாள்.

பழனாத்தாள் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் ஊத்துன பாலு, கண்ணு?"

"நீங்க ஊத்தவே இல்லைங்கக்கா" என்றாள் தமிழ்ப்ரியா.