பழைய பதிப்பை நீக்காதவர்

புதிய சாஃப்ட்வேரை வாய் நிறைய வரவேற்று, பழையதை வழியனுப்ப மனம் வராமல், இரண்டையும் ஒரே கணினியில் குடிவைத்துவிடும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. அடக்கமானவர்கள். யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். தீங்கு அதுவாக நடக்கும்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். திரையில் ஒரே படம், ஒரே பெயர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். எது புதுசு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "மேல இருக்கறது... இல்ல, கீழயோ?" என்பார்கள். பழசை எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பாருங்கள். "அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கு, சோறா கேக்குது?" என்று உங்களைக் கல்நெஞ்சக்காரராக்கிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பல் மருத்துவமனை ஒன்றின் மேனேஜர். மருத்துவர் அவருடைய சொந்தத் தங்கை. நோயாளிகளின் விவரம், எக்ஸ்ரே படம், எந்தப் பல்லுக்கு என்ன வைத்தியம் என்பதெல்லாம் ஒரு சாஃப்ட்வேரில் இருந்தன. அதன் புதிய பதிப்பைப் போட ஒரு பொறியாளர் வந்தார்.

"சார், புதுசைப் போட்டா இன்ஸ்டாலரே பழசை எடுத்துடும். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

"ஐயோ, எடுக்க விடாதீங்க. ரெண்டும் இருக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

"குழப்பம் வரும் சார்."

"எங்களுக்கு என்ன குழப்பம்? நாங்க என்ன சின்னக் குழந்தைங்களா?"

பொறியாளர் முனகிக்கொண்டே இன்ஸ்டாலரின் கண்ணைக் கட்டி, புதியதை வேறொரு ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போனார். பழையதில் இருந்த விவரங்கள் அன்றோடு உறைந்து நின்றன. புதியதில் அவை தொடர்ந்து வளர்ந்தன. ஆக, ஒவ்வொரு நோயாளிக்கும் அங்கே இரண்டு வாய்கள். ஒன்று அப்போது இருந்த வாய், இன்னொன்று இப்போது இருக்கும் வாய்.

சில மாதம் கழித்து ஒரு காலை, வரவேற்பில் உட்காரும் பெண் விடுப்பில் இருந்தாள். அவளிடத்தில் மேனேஜரே உட்கார்ந்தார். பல் பிடுங்க வந்தவரோ அவருடைய சம்பந்தி, மகளின் மாமனார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், அதிர்ந்து பேசாதவர். அவரைக் கண்டதும் மேனேஜர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, நலம் விசாரித்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பரபரப்பிலேயே இரண்டு படங்களில் ஒன்றை அழுத்தி, சம்பந்தியின் விவரத்தை உள்ளறைத் திரைக்கு அனுப்பினார்.

அது பழைய வாய்.

அதில் இடதுபக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பல்லுக்குப் பிற்பாடு ரூட் கெனால் செய்து, கேப் போட்டுக் காப்பாற்றியாகிவிட்டது. இப்போது உடைந்திருந்தது வலதுபக்கப் பல். அந்த விவரமெல்லாம் இருந்தது புதியதில். தங்கை திரையைப் பார்த்தார், இடதுபக்கம் மரத்துப்போக ஊசி போட்டார். அது தப்பான பக்கம் என்று சம்பந்திக்குத் தெரிந்தது. பெண் கொடுத்த வீட்டாரைத் திருத்துவது மரியாதையில்லை, டாக்டருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டார். குறடு வாய்க்குள் வந்தபோதுதான் மரியாதை விட்டுப்போய், மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மரத்த நாக்கில் 'பக்கம்' வரவில்லை.

"அந்தப் பத்தம் இல்லம்மா... இந்தப் பத்தம்!"

தங்கை குனிந்து பார்த்தார். திரையில் கேப் இல்லை. வாயில் இருந்தது. அவரே போட்ட கேப். கையுறையோடு வெளியே வந்தார்.

"அண்ணா, எந்த சாஃப்ட்வேரைத் திறந்தே?"

"நம்ம சாஃப்ட்வேரைத்தாம்மா."

"பழசா, புதுசா?"

"ரெண்டும் நம்மதுதானே."

"இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா, நல்ல பல்லைப் பிடுங்கியிருப்பேன். அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன், நீ எப்படி முழிப்பே?"

மேனேஜர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தார்.

வலதுபக்கமும் ஊசி போட்டு உரிய பல்லைப் பிடுங்கினார்கள். சம்பந்தி இரண்டு பக்கமும் மரத்த வாயோடு வீடு போய்ச் சேர்ந்தார். சற்று நேரத்தில் மகளிடமிருந்து போன்.

"அப்பா, மாமா வந்ததுலேர்ந்து ஏதோ சொல்லிட்டே இருக்காரு. ஒரு வார்த்தை புரியல. உங்களை வாழ்த்துறாரா, திட்டுறாரா?"

"மரப்பு போனதும் தெரியும்மா" என்றார் மேனேஜர், சுரத்தில்லாமல்.

மறுநாளே பொறியாளரை வரவழைத்தார். "வேரோட எடுத்துடுங்க. பேரே இருக்கக் கூடாது." பொறியாளர் சந்தோஷமாகப் பழைய பதிப்பை நீக்கினார். திரையில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. மேனேஜர் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தங்கை உள்ளறையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தப் பழசோட இன்ஸ்டாலர் உங்ககிட்ட இருக்குமில்ல? இந்த பென் டிரைவுல ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது, தெரியும். இருந்தாலும், வேலையில்லாத ஒரு நேரத்தில் உங்கள் கணினியில் என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் பழையதை நீக்கச் சொல்லுங்கள். 'நிச்சயமாகவா?' என்று அது கேட்கும். அப்போது உங்கள் விரல் எந்தப் பொத்தானை நோக்கிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.