கன்னியாகுமரிச் சைக்கிளும் பிறந்த வீட்டுக் கோடியும்

திருநகர்,
தை, 1979.

அன்புள்ள மாப்ள நல்லகாமனுக்கு, உன் அக்காள் புருஷன் கருத்தக்கண்ணன் எழுதிக்கொண்டது. எழுமலையில் நீயும் பிள்ளைகளும் மாடுகன்றுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குலசாமி காக்கட்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது. இடுப்புக்கு மேலே சௌக்கியம். கீழே உள்ளதைப் பற்றி மரியாதையான கடிதத்தில் எழுத முடியாது. உட்கார வழியில்லாமல் பீரோ மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணிப் போனால் பொறுத்துக்கொள்.

எல்லாம் உன் வாயால் வந்தது மாப்ள. கார்த்திகையில் நீ இங்கே வந்திருந்தபோது எங்கள் நண்பர்கள் மன்றத்துக் கூட்டத்துக்கு உன்னையும் கூட்டிப்போனது என் தப்பு. உங்கள் ஊர்ப் பக்கம் நோயாளிகளை மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர ஒரு வேன் வாங்க வேண்டும், அதற்கு நிதி திரட்ட மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவது என்று செயலாளர் மொக்கைச்சாமி பேசிக்கொண்டிருந்தார். சும்மா கேட்டுக்கொண்டு வடை தின்றிருக்கலாம். நீ எழுந்து, "எங்க மச்சான் அந்தக் காலத்துல எழுமலையில இருந்து மதுரைக்கு ஒரே மிதியில வந்தவருங்க" என்றாய். கைதட்டல் அடங்குவதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். நாம் அன்றைக்கு வைக்கோல் லாரியில் வந்தோம் என்பதும், சைக்கிளும் நம்மோடு லாரியில்தான் வந்தது என்பதும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றாய் என்பதும் உனக்கு மறந்துவிட்டதா? ரிட்டையரான மனுஷனைச் சந்தியில் நிறுத்திவிட்டு நீ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

மொக்கைச்சாமி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர், இன்னும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. விடியுமுன்னே வாசலில் வந்து ஊதுவார். பச்சை முட்டை குடி என்பார், வெறும் வயிற்றில் கம்மங்கூழ் குடி என்பார், இரண்டையும் குடித்துவிட்டுத் திருமங்கலம் ரோட்டில் எதிர்காற்றில் மிதி என்பார். பக்கத்தில் பஸ் போனால் அந்தக் காற்றுக்கே வேலிமுள்ளில் போய் விழுகிறேன். சீட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், செயின் ஒரு பக்கம். உங்கள் ஆத்தா ஆவணியில் கண்ணை மூடியதிலிருந்து உன் அக்காள் சோலையம்மாள் எதற்கும் சிரிக்காதவள், நான் விழுந்து எழுந்து வரும்போதும் சிரிக்கவில்லை. மஞ்சளை அரைத்துப் பத்துப் போடுவாள், அம்புட்டுத்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் நீண்ட தூரப் பயிற்சி என்று என்னைச் சோழவந்தானுக்கு அனுப்பினார். அங்கே உங்கள் சின்னாத்தா சின்னத்தாய் வீட்டில் ஒரு வாய் மோர் குடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். ஒன்றை நான் யோசிக்கவில்லை மாப்ள. நம்ம பக்கத்தில் வயசான ஆள் காலங்காத்தாலே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கேரியரில் ஒரு சாமானும் இல்லாமல், வெறிபிடித்த மாதிரி சைக்கிள் மிதித்தால் அவன் எதற்குப் போகிறான்? சாவுக் கேதம் சொல்லத்தானே போகிறான்! வழியெல்லாம் ஆட்கள், "யாருக்கண்ணே? எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லுகிற நிலையில் இல்லை. நான் நிற்காமல் போனதைப் பார்த்து ரொம்ப நெருங்கிய உறவு போலிருக்கிறது என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

சின்னத்தாய் அத்தை கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தது. சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் விழுந்தேன். மூச்சு வந்தால்தானே பேச்சு வரும்? துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு வேர்வையைத் துடைத்தேன். "என்ன மாப்ள, சோலையம்மா நல்லாருக்காளா?" என்றது. நான் தண்ணீர் கேட்டு ரெண்டு கையையும் விரித்தேன். அவ்வளவுதான். "அக்கா போயி ஆறு மாசம் ஆகலையே, அடி மகளே, ஒன்னையும் கூட்டிக்கிட்டாளா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடிவிட்டது. நான் எழுந்திருக்க நினைத்தது உண்மை. ஆனால் கொடிக்கால் குளிர்ச்சி, வேர்வைக்கு இதமான காற்று. கண் அசந்துவிட்டேன்.

ஒருத்தி உலுக்கி எழுப்பினாள். "ஏண்ணே, சம்சாரத்தை அங்க போட்டுட்டு இங்க வந்து படுத்துத் தூங்குறீகளே, நீங்கள்லாம் மனுசந்தானா?" என்றாள். அத்தை வீட்டில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் மாலையும் சங்குமாக பஸ் ஏறிவிட்டார்களாம். அன்றைக்குத்தான் மாப்ள நான் நிஜமாகவே சைக்கிள் மிதித்தேன். மொக்கைச்சாமி மட்டும் பார்த்திருந்தால் விசிலை விழுங்கியிருப்பார்.

அப்படியும் பஸ்தான் ஜெயித்தது. தெருமுனையில் ஒப்பாரி கேட்டதும் உன் அக்காள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? காயப்போட்ட மிளகாயை அப்படியே விட்டு, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி, முதலில் வந்த சின்னாத்தாவைக் கட்டிப்பிடித்து, "யாருக்கு சின்னாத்தா, யாருக்கு?" என்று சேர்ந்து அழுதிருக்கிறாள். சின்னாத்தா அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது. பார்த்ததோடு சரி, மயங்கி விழுந்துவிட்டது. நான் வந்து இறங்கும்போது தெருவே சின்னாத்தா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. உன் அக்காள் கையில் அவளுக்காகக் கட்டிய மாலை. "என்னைய உசுரோட கொன்னுபுட்டு வாரீகளே, ஒங்களுக்கு இம்புட்டு அவசரமா?" என்றாள். அதுதான் கடைசி. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

போதாததற்கு அந்தச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும் என்று சின்னாத்தா வழியில் இறங்கி அரக்குக் கலரில் ஒரு புதுச்சேலை எடுத்து வந்திருக்கிறது. பிணத்துக்கு எடுத்ததைக் கட்டவும் முடியாது, கடைக்காரன் திருப்பி வாங்கவும் மாட்டான், சின்னாத்தா தொடவே மாட்டேன் என்கிறது. கொல்லைக் கொடியில் தொங்குகிறது, நான் போகும்போதும் வரும்போதும் முகத்தில் அடிக்கிறது.

எனக்கு முடியவில்லை மாப்ள. ரொம்ப அலுத்துவிட்டது. வேன் நல்ல காரியம்தான், நான் மறுக்கவில்லை, அதை இளந்தாரிகள் யாராவது மிதித்து வாங்கட்டும். நானாக வரமாட்டேன் என்று சொன்னால் திருநகரில் தலைகாட்ட முடியாது. ஆகையால் நீ ஒரு உதவி செய். உனக்கு சீரியஸ், உடனே புறப்பட்டு வரவும் என்று எனக்கு ஒரு தந்தி கொடு. அதைக் காட்டிவிட்டு நான் எழுமலைக்கு வந்து ஒரு வாரம் குப்புறப் படுத்துக்கொள்கிறேன். சீரியஸ் போதும், அதற்கு மேலே போய்விடாதே, மறுபடியும் சின்னாத்தா கிளம்பிவிடும்.

உன் வீட்டாருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அவர்களுக்கு சைக்கிள் மட்டும் வாங்கிக் கொடுக்காதே.

இப்படிக்கு, நின்றபடியே,
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு: தந்தி கொடுக்காதே. ஸ்டாம்பு வாங்கி வருவதற்குள் பீரோ மேல் இருந்த இந்தக் கடிதத்தை உன் அக்காள் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நின்றேன். போடவில்லை. "ஆத்தாவுக்கு நெசமாவே சீரியஸ்னு தந்தி வந்துச்சுல்ல. தந்தி வந்து சேந்துருச்சு, ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வந்து சேரலை. மாட்டுவண்டி உசிலம்பட்டி தாண்டலை" என்றாள். நீ அன்றைக்கு வண்டியில் கூடவே இருந்தவன், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எனக்குத்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது மாப்ள. விடிந்து பார்த்தால் கொடியில் சேலையைக் காணோம். மடித்து மடித்துப் பஞ்சு வைத்துத் தைத்து என் சைக்கிள் சீட்டில் கட்டியிருக்கிறாள். இதோ இந்த வரியை அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாசி முதல் ஞாயிறு புறப்படுகிறோம். புறப்படுகிறோம் என்றால் நீயும்தான், நேற்றே மொக்கைச்சாமியிடம் போய் உன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். சேலையில் பாதிதான் எனக்குச் செலவானது, மீதியில் உனக்கும் தைத்து வைத்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொள்.