கன்னியம்மாளின் இடது புருவம்

திருத்தணி வட்டாரத்து நெசவாளர்களுக்கு வரலாறு உண்டு என்று அரசு ஒரு நாள் முடிவு செய்தது. அதுவரை அவர்களுக்கு இருமலும் முதுகுவலியும் மட்டுமே உண்டு என்று கோப்புகளில் இருந்தது. மலையடிவாரத்தில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்துக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்து, 'எல்லைப்புற நெசவாளர் பாரம்பரிய விளக்கக் கூடம்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நான்கு அடி நீளமாக வந்துவிட்டது. பலகைக்கு ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியாகிவிட்டதால், கட்டடத்தை நான்கு அடி நீட்டினார்கள்.

கூடத்தின் ஏழாவது சுவர் 'பண்டிகைகள்'. எட்டாவது சுவர் 'போராட்டங்கள்'. அதற்குப் பின்னால் கழிப்பறை.

எட்டாவது சுவருக்காகத்தான் ஆர்.கே.பேட்டை வேதாசலத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வயது எழுபத்திரண்டு. தறிக்காரர். பதினொரு முறை சிறைக்குப் போனவர். 'படிக்காமல் கையெழுத்துப் போடாதே' என்று ஊர் ஊராகத் துண்டறிக்கை கொடுத்தவர். அரசு அலுவலகங்கள் எல்லாம் அவருக்கு வாசல் வரைக்கும் நன்றாகத் தெரியும். வெயிலில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இப்போது நீள மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி, எதிரே 'திரு. வேதாசலம், சமூகப் பிரதிநிதி' என்று அச்சடித்த அட்டை. முதல் நாள் அந்த அட்டையை மூன்று முறை நேராக்கி வைத்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அக்கா கன்னியம்மாளின் முகம்.

எழுபத்து நாலில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது, நாற்பத்து மூன்று பேர் காலிக் குடங்களோடு ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு நடந்தார்கள். முன்னால் கொடி பிடித்து நடந்தவள் கன்னியம்மாள். அடிபட்டாள், பதினெட்டு நாள் உள்ளே இருந்தாள், பத்து வருஷம் கழித்து ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அன்றைக்கு ஒரே ஒரு பத்திரிகை படம் போட்டது. அதில் அவளுடைய முதுகு நன்றாக விழுந்திருந்தது.

படம் வரைய வந்தவள் உதயா. மணவூர்ப் பெண். தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு வரைபவள். படம் வரையும் கண்ணாடி மின்பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேதாசலத்தின் எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு தாத்தா. மூக்கு எப்பிடி?"

"கொஞ்சம் அகலம். இன்னும் கொஞ்சம். ஆங், போதும். இடது புருவம் நடுவுல ஒரு வெட்டு இருக்கணும். தறியில ஓடுற நாடா துள்ளி அடிச்சிடிச்சி. அங்க மட்டும் முடி மொளைக்காது. கோவம் வந்தா அந்த எடம் தனியா துடிக்கும்."

"துடிக்கிறத வரைய முடியாது தாத்தா."

"வரஞ்சி பாரேன்."

ஒரு மணி நேரத்தில் அவள் பலகையைத் திருப்பிக் காட்டினாள். வேதாசலம் பார்த்தார். பிறகு தோள்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னாத்துக்கு லேட்டுன்னு கேக்கிற மாதிரியே இருக்குது" என்றார்.

அந்த முகத்தை முன்னால் வைத்து, நாற்பத்து மூன்று பேரின் ஊர்வலம் முழுவதையும் உதயா வரைந்து முடித்ததும் படம் குழுவுக்குப் போயிற்று.

குழுத் தலைவர் குணசேகரன், பாரம்பரிய விளக்க அலுவலர், முழுக் கூடுதல் பொறுப்பு. அவருடைய சொந்தத் துறை மீன்வளம். திருத்தணியில் கடல் இல்லாததால் அவரிடம் நேரம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் காட்சி அனுபவ ஆலோசகர் குமரேசன். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பலவற்றைப் பார்த்தவர். பார்த்ததிலிருந்து உள்ளூரில் எதையும் பார்ப்பதை நிறுத்திவிட்டவர்.

"அருமை" என்றார் குணசேகரன். "ரொம்ப உயிரோட்டம். ஒரே ஒரு சின்னத் திருத்தம். இந்த போலீஸ்காரர் எதுக்கு?"

"அடிக்கிறதுக்கு" என்றார் வேதாசலம்.

"அது தெரியுது ஐயா. ஆனா காவல் துறை தடையின்மைச் சான்று வாங்கணும். அடிச்சவங்ககிட்டயே போயி, அடிச்சதை வரையலாமான்னு கேட்டா நல்லா இருக்குமா?"

வேதாசலம் யோசித்தார். துண்டறிக்கைகளில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தந்திரபூர்வமான பின்வாங்கல்.

"போலீஸ எடுத்துக்க. அக்கா மொகத்துல கை வெக்கமாட்டியே?"

"சத்தியமா மாட்டோம்."

நிகழ்ச்சிக் குறிப்பில் 'சமூகப் பிரதிநிதி முழுமனதோடு ஒப்புதல் அளித்தார்' என்று எழுதினார்கள். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

இரண்டாவது கூட்டத்தில் கொடி வந்தது.

"என்ன நிறம் ஐயா?"

"செவப்பு."

"ஒரு நிறம் போட்டா கட்சி ஆயிடும். ரெண்டு நிறம் போட்டா கூட்டணி ஆயிடும்."

கொடியை எடுத்தார்கள். கம்பு மட்டும் நின்றது. கூட்டத்தில் வெறும் கம்பு இருந்தால் அது ஆயுதம் என்றார் குணசேகரன். குமரேசன் கண்ணை மூடிச் சற்றுத் தியானித்துவிட்டு, "வளைச்சிடலாம். நேர்கோடு மிரட்டும். வளைவு அரவணைக்கும்" என்றார். கம்புகள் வளைந்து தோளில் உட்கார்ந்தன. வெறுமையாக இருக்கிறதென்று ஓரங்களில் மயிலிறகு வைத்தார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் குடம் வந்தது. காலிக் குடத்தை அரசுச் சுவரில் காட்டினால் இன்றைக்கும் காலியோ என்று மக்கள் கேட்பார்கள். ஆகவே பால் ஊற்றப்பட்டது. நான்காவது கூட்டத்தில் திறந்திருந்த வாய்களை மூடினார்கள். சுவரில் இத்தனை பல் தெரிவது சுகாதாரமில்லை.

ஒவ்வொரு முறையும் வேதாசலம் அதையே கேட்டார். "மொகம் பத்திரம்தானே?" ஒவ்வொரு முறையும் பத்திரம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டார்.

"தாத்தா, இது காவடி மாதிரி ஆயிடிச்சி" என்றாள் உதயா, வராந்தாவில்.

"நீ சும்மா இரும்மா. கையக் கால வெட்டினாலும் தல தப்பிச்சிதே, அத பாரு. நான் எத்தினி பேச்சுவார்த்த பாத்தவன்."

ஐந்தாவது கூட்டத்தில் குமரேசன் எழுந்து நின்றார்.

"இப்ப உலகம் பூரா முகம் கிடையாது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் சுவரில் படங்களை ஓடவிட்டார். பெரிய உடம்பு, நீண்ட கை, குண்டூசித் தலையளவு தலை. தலையில் கண் இல்லை, மூக்கு இல்லை. எல்லாரும் ஊதா நிறம்.

"இவனுங்களுக்கு இன்னா நோவு?" என்றார் வேதாசலம்.

"இது அனைவரையும் உள்ளடக்கிய பாணி. முகம் போட்டா வயசு தெரியும், சாதி தெரியும். அதுவும் இது எல்லை. உங்க அக்கா முகம் தமிழ் முகமா, தெலுங்கு முகமா?"

"வூட்ல ரெண்டும் பேசுவோம் சார்."

"அதான் சிக்கல். முகம் ஒண்ணுதானே இருக்கு?"

குணசேகரன் ஒரு தாளை நகர்த்தினார். படிவம் ஏழு. உண்மையான நபரை வரைவதானால் வாரிசின் சம்மதமும், வரைந்தது அவர்தான் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய புகைப்படமும் இணைக்க வேண்டும்.

"போட்டோ இருந்தா நான் எதுக்கு சார் படம் கேக்கறேன்?"

"போட்டோ இல்லாம படம் அவங்கதான்னு நாங்க எப்படி நம்பறது?"

"நான் சொல்றேன். அவ கூடப் பொறந்தவன்."

"நீங்க சமத்துவத்துக்குப் போராடினவர்" என்றார் குமரேசன், மிகுந்த மரியாதையோடு. "மீதி நாற்பத்து ரெண்டு பேருக்கும் முகத்தை எடுத்துட்டோம். உங்க அக்காவுக்கு மட்டும் எதுக்கு முகம்? இது சலுகை இல்லையா?"

'உனக்கு மட்டும் எதற்குச் சலுகை?' என்பது வேதாசலமே எழுதிய துண்டறிக்கையின் தலைப்பு. ஐயாயிரம் பிரதி அடித்து அவரே கொடுத்திருக்கிறார்.

குறிப்பு சுற்றி வந்தது. 'உரிய புகைப்படம் கிடைக்கும் வரை தற்காலிகமாக முகம் நீக்கப்படுகிறது.' தேநீரும் வந்தது. எதிரே அட்டையில் அவர் பெயர் அச்சில் மின்னியது. தற்காலிகமாகத்தானே என்று கையெழுத்துப் போட்டார். எழுபத்து நாலில் நூல் நிறுத்தியதும் தற்காலிகமாகத்தான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகு ஞாபகம் வந்தது.

உதயாவிடம் ஓடினார். வரைவுகள் அனைத்தும் அலுவலகச் சொத்து என்பதால் அவள் கையாலேயே அழிக்க வைத்திருந்தார்கள்.

"நாலு தடவ மறுபடி வரஞ்சேன் தாத்தா. யாரோ ஒரு பொம்பள வருது. அவங்க வரல."

ஆடிக் கிருத்திகை அன்று கூடம் திறக்கப்பட்டது. மலையேற வந்த கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டு நின்றது. கூடத்தில் குளிர்சாதனம் ஓடியது. திறந்து வைத்தவர் போன பிறகும் அதை நிறுத்த ஆணை வரவில்லை. மஞ்சள் துணியும், சந்தனம் பூசிய மொட்டைத் தலையுமாக ஜனங்கள் குளுமைக்காக உள்ளே வந்தார்கள். எட்டாவது சுவரில் நாற்பத்து மூன்று ஊதா மனிதர்கள் தோளில் காவடியும் தலையில் பால்குடமுமாக மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள்.

வேதாசலம் சுவருக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இது அவருடைய பன்னிரண்டாவது போராட்டம்; இந்த முறை தன் கையெழுத்தையே எதிர்த்து. இன்றைக்காவது கைது செய்வார்கள், கைது செய்தால் செய்தி வரும் என்பது கணக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு கையை உயர்த்தினார்.

"தியாகி கன்னியம்மாளுக்கு..."

ஐம்பது வருஷப் பழக்கத்தில், கூட்டம் பதில் சொல்ல இடம் விட்டார்.

"அரோகரா!" என்றது கூட்டம்.

"முகம் எங்கே? முகம் எங்கே?"

"அரோகரா!"

"கன்னியம்மாள் முகம் எங்கே?"

"வேல் வேல்! வெற்றி வேல்!"

கட்டடம் அதிர்ந்தது. வேதாசலம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர் வாழ்நாளில் எந்தக் கூட்டமும் அவர் கோஷத்துக்கு இவ்வளவு பலமாகப் பதில் சொன்னதில்லை. இன்னும் கால் மணி நேரம் கொடுத்தார்.

திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த எல்லம்மாளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "பாவம்டி, தாயிக்கு மொகமே இல்லியே. அந்தப் பெரியவரு தொண்ட கிழியக் கேட்டுகினு கெடக்கறாரு." மகனுக்குப் பார்வை திரும்பியதற்காக மலைமேல் சாத்த வாங்கி வைத்திருந்த வெள்ளிக் கண்மலரை முந்தானையிலிருந்து எடுத்தாள். சந்தனத்தைக் குழைத்து முன்னால் நின்ற ஊதா உருவத்தின் தலையில் அப்பி, இரண்டு கண்ணையும் பதித்தாள். இன்னொருத்தி குங்குமத்தால் வாய் எழுதினாள். மற்றொருத்தி மூக்கு பிடித்து வைத்தாள். குழுவின் ஐந்து கூட்டங்கள் எடுத்த முகத்தை ஜனங்கள் பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டார்கள். கற்பூரம் எரிந்தது.

குணசேகரன் ஓடி வந்து பார்த்தார். "பார்வையாளர் பங்கேற்பு!" என்று நெகிழ்ந்து படம் எடுத்தார். குமரேசன் விருதுக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தார்.

வேதாசலம் எழுந்து கிட்டே போனார். நல்ல முகம்தான். அக்கா முகம் இல்லை. சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு கட்டை விரல் நகத்தால், இடது கண்மலருக்கு மேலே, சந்தனத்தோடு சேர்த்து ஒரே கீறல் கீறினார். சந்தனம் பிளந்தது. அடியிலிருந்த படமும் நூலளவு கிழிந்தது.

"அக்கா" என்றார்.

எல்லம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "யோவ்! அம்மன் மொகத்தயா கீர்ற? நீ மனுசனா? யாருனா போலீஸக் கூப்புடுங்க!"

உதவி ஆய்வாளர் கஜபதி வந்தார். வேதாசலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எந்தப் பிரிவு?" என்று கேட்டார்.

"ரெண்டு இருக்கு பெரியவரே. தெய்வத் திருவுருவத்தச் சேதப்படுத்தினது ஒண்ணு. அரசாங்கச் சொத்தச் சேதப்படுத்தினது ஒண்ணு."

"ஒரு கீறல்தானே கீறினேன்?"

"கீறல் ஒண்ணுதான். ஆனா அது கீழ அரசாங்கம், மேல அம்மன்."

"அது எங்க அக்கா, சார்."

"எல்லாருக்கும் அக்காதான், அம்மாதான். வண்டியில ஏறு."

நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர் பெயர்: அருள்மிகு கன்னியம்மாள். சேதத்துக்குச் சான்றாக ஒரு புகைப்படமும் இணைத்தார்கள். வேதாசலம் எட்டிப் பார்த்தார். சந்தன முகம், இடது புருவத்தின் நடுவே வெட்டு. கண் எரிச்சலோடு அவரையே பார்த்தது. அந்த இடம் துடிக்கிற மாதிரிகூட இருந்தது. அடியில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, அரசு முத்திரை.

"இது யாருடைய முகம்னு ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார் வேதாசலம். இந்த முறை படிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாமீனில் வந்ததும் முதல் வேலையாக, புகைப்படம் கிடைத்துவிட்டது, படிவம் ஏழின்படி முகத்தைத் திருப்பி வைக்கவும் என்று மனுக் கொடுத்தார். மூன்று மாதத்தில் பதில் வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் புகைப்படத்தின் நகலை வழங்க இயலாது. மேலும், பாதிக்கப்பட்டவரை வரைவதற்கு, வழக்கின் எதிரியான தங்களின் சம்மதம் செல்லாது. மேலும், எட்டாவது சுவரில் வழிபாடு நடந்துவருவதால் அது 'பண்டிகைகள்' சுவரோடு இணைக்கப்படுகிறது. சமூகப் பிரதிநிதி வந்து கையெழுத்திட்டுச் செல்லவும்.

வழக்கு முதல் வாய்தாவுக்கு வந்தது. முறைப்படி பாதிக்கப்பட்டவரின் பெயரைக் கூப்பிட வேண்டும். நீதிமன்றப் பணியாளர் வராந்தாவில் நின்று மூன்று முறை நீட்டி முழக்கினார்.

"கன்னியம்மாள்... கன்னியம்மாள்... கன்னியம்மாள்!"

பின் வரிசையில் எல்லம்மாளோடு வந்திருந்த முப்பது பேரும் கையைத் தலைக்கு மேலே கூப்பினார்கள். "அரோகரா!"

நீதிபதி மேசையைத் தட்டினார். இனி இப்படிக் கத்துகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று எச்சரித்தார். முதலில் கத்தியது யார் என்று கேட்டார். பணியாளர் தயங்கித் தயங்கி எதிரிக் கூண்டைக் கை காட்டினார். அங்கே வேதாசலம் உயர்த்திய கை இன்னும் இறங்கவில்லை.