பின்பால் மெசினுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எங்கள் வீட்டுக்குள் எந்த மெசினும் வந்ததில்லை. கார், மோட்டார் சைக்கிள் சரி. துணி துவைக்கும் மெசினுக்கும் வைத்தவள் நான். (என் பக்தியையும் அறிவையும் நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.) அந்த அறிவோடுதான் மூன்று வருஷத்துக்கு முன் ஈப்போவில் பின்பால் மெசின் வாங்கப் போனேன்.

பின்பால் என்றால் கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடும் விளையாட்டு. பெட்டியின் இரண்டு பக்கமும் பொத்தான். குண்டு கீழே விழப் போகும்போது அமுக்கினால் உள்ளே இரண்டு சின்னத் துடுப்புகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் இருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவே கேட்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் செல்வத்துக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. சிலிம் ரிவர் வரைக்கும் பஸ் ஓட்டிய கை. அமுக்கிப் பழகுங்கள் என்று மருத்துவமனையில் ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அவர் பக்கத்து வீட்டு நாய்க்குத் தானம் செய்தார். சும்மா விட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும் என்றார்கள். எனக்குத் தூக்கம் போனது. பிறகு ஒருநாள் பேரங்காடியில் பழைய பின்பால் ஒன்றின் முன்னால் நின்றபோது, குண்டு தப்பிவிடுமே என்ற பதற்றத்தில் அவருடைய இடது விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது. ஒரே ஒரு தடவைதான். எனக்கு அது போதும்.

பழைய மெசின்கள் விற்றவர் ஆ மெங் தவுக்கே (சீன முதலாளிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). ரப்பர் தோட்டத்துக் கடைக்காரர் மகன், தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். "நல்லா விளையாடிப் பாருங்க அண்ணே. புடிக்கலன்னா ஒரு தே குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்கலா" என்றார், என்னோடு வந்திருந்த செல்வத்திடம்.

நான் வாங்கிப் பழகியதெல்லாம் பழைய கார்தான். ஆகவே மெசினின் காலை உதைத்தேன், குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். "இது எவ்வளவு ஓடியிருக்கு தவுக்கே?"

"எங்கயும் ஓடல அக்கா. வந்ததுல இருந்து இங்கதான் நிக்குது."

முதல் மெசினில் இடது பொத்தான் கல்லாக இருந்தது. செல்வம் வலது கையைக் குறுக்கே நீட்டி அதை அமுக்கப் பார்த்தார். இரண்டாவது மெசின், குண்டு விழும்போதெல்லாம் கெக்கெக்கே என்றது. "இது என்னப் பாத்துச் சிரிக்குது, வேணாம்" என்று கோபித்துக்கொண்டார். மூன்றாவதில் பொத்தான் இளகி இருந்தது. இடது விரல் ஒரு தடவை அமுக்கியது. இன்னொரு தடவையும் அமுக்கியது. "ஏய், போயிடாத, போயிடாத!" என்று குண்டைப் பார்த்துக் கத்தினார். அவர் அப்படிக் குரல் எழுப்பிப் பல மாதம் ஆகியிருந்தது.

மணியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் பிறக்கப் பத்து நிமிஷம். அதற்குள் இதை நம்முடையதாக்கிவிட வேண்டும். அவருக்குத் தெரியாமல் கைப்பையில் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். கார் என்றால் பழத்தின் மேல் ஏறும். இது நகராதே! அப்படியானால் பழம்தான் மெசினுக்கு அடியில் போக வேண்டும். (மூளையைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பலம்.) தவுக்கே தே எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கீழே உட்கார்ந்து, மெசினின் முன்மூலைக்குத் தோள் கொடுத்துத் தூக்கி, பழத்தைக் காலுக்கு அடியில் தள்ளினேன்.

சட்டென்று விளக்கெல்லாம் அணைந்தது. துடுப்புகள் செத்துத் தொங்கின. கொன்றுவிட்டேன் என்று பயந்து தோளை எடுத்தேன். மெசினின் கால் பழத்தின் மேல் இறங்கியது. சாறு என் கண்ணுக்குள் பாய்ந்தது. வழுக்கிய கால் தரையில் ஊன்றியிருந்த என் விரல்களை நோக்கி வந்தது.

"சரசு! கைய எடு!"

வழுக்கிய மெசின் அப்படியே நின்றுவிட்டது. எரிகிற கண்ணோடு நிமிர்ந்தேன். செல்வம் அதன் விளிம்பைப் பிடித்திருந்தார், இரண்டு கையாலும்.

"கைய எடுடி!" என்று மறுபடி கத்தினார். எடுக்கத் தோன்றவில்லை. அவருடைய இடது கையையே பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

தேத்தண்ணியோடு ஓடிவந்த தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா, சாய்ச்சா அது ஆட்டத்த நிப்பாட்டிரும்லா! ஏமாத்தி விளையாடக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்கான்."

"உடையலயா?"

"மெசின் உடையல. பழந்தான் உடைஞ்சிருச்சு."

செல்வம் மெசினைப் பார்க்கவில்லை. இடது விரல்களை மெல்ல விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். "இதையே எடுத்துக்குறோம் தவுக்கே" என்றார்.

தவுக்கே தானே லாரியில் கொண்டுவந்து இறக்கினார். சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. "இந்தத் தடவ நான் வைக்கிறேன் அக்கா. நீங்க தள்ளி நில்லுங்க."

அந்த மனிதருக்கும், சோபா இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்த மெசினுக்கும் நான் நன்றி சொல்லாத நாளில்லை. செல்வம் மறுபடி பஸ் ஓட்டவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். சில நாள் விளையாட மாட்டேன் என்று சோம்பிப் படுத்தால், எங்கள் மகள் கவிதா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"அப்பா! அம்மா எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாராங்க!"

எழுந்து ஓடிப்போய் மெசினை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.