வட்டிலப்பத்தோடு வந்த கொலைகாரர்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மருமகன் ஸஹீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உங்கள் மாமியும் மகள் பஸ்மினாவும் சுகம். நீங்களும் கொழும்பில் சுகமாயிருந்து, இனிமேல் படம் எடுக்காமலிருக்க துஆச் செய்கிறோம்.

எந்த நாட்டிலோ என்றைக்கோ வந்த படம். வழியில் கைகாட்டி ஏறுகிறவன் ஏற்றியவனையே கொல்லுகிற கதை. அதைத் திரும்பத் தமிழில், அதுவும் நம்முடைய காரைதீவு ரோட்டிலேயே எடுக்க உங்களுக்கு யார் சொன்னது? உடன்பிறந்தவள் பிள்ளை எடுத்த படமென்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து மாமி வெங்காயம் வெட்டினாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பஸ்மினாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம், தெரியும்தானே. கல்யாண நாளை முடிவு செய்ய, இனிப்புக்கு மாமி அவித்த வட்டிலப்பச் சட்டியோடு மோட்டார் சைக்கிளில் போனேன். சாய்ந்தமருதில் தொப்பி போட்ட ஒரு வயதாளி கைகாட்டினார். "மனே, நிந்தவூருக்கெண்டா என்னையும் ஏத்திட்டுப் போங்களன்" என்றார். உங்கள் படத்தில் அவன் கேட்ட அதே பணிவு. மறுக்க மனம் வரவில்லை, சட்டியை அவர் கையில் கொடுத்து ஏற்றினேன். காரைதீவு தாண்டி வயல்வெளி வந்ததும், என்ன தொழில் செய்தீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன். வெட்டுகிற தொழில் என்றார். மருதமுனையில் மட்டும் எத்தனை பேரை வெட்டியிருப்பேன், கணக்கேயில்லை என்றார். எல்லாரும் கத்துவார்களாம், இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தால் ஒரு நொடி வேலையாம், பிறகு வீட்டாரே சோறு போட்டு அனுப்புவார்களாம். வீட்டாருமா இதற்கு உடந்தை என்று நான் கலிமாச் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து முதுகில் தட்டி, என் வாப்பாவின் பெயரென்ன என்று கேட்டார். அவ்வளவுதான். சைக்கிளையும் சாவியையும் அவரையும் வட்டிலப்பத்தையும் ரோட்டிலே விட்டுவிட்டு, உடுத்த சாரனோடு வேளாண்மைக்குள் இறங்கி ஓடினேன். செருப்பு சேற்றோடு போனது.

பிறகு பஸ் பிடித்து, சேறும் சகதியுமாய் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், வட்டிலப்பம் எனக்கு முன்னே போய்ச் சேர்ந்து பாதி முடிந்திருந்தது. உங்கள் படம் பார்க்காத யாரோ ஒரு நல்ல மனிதர் கிழவரை என் சைக்கிளிலேயே ஏற்றிவந்து விட்டிருக்கிறார். கிழவர் சபை நடுவில் இருந்தார். மாப்பிள்ளையின் வாப்பாவைப் பெற்ற மூத்தாப்பாவாம். அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுக்கப் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைத்த ஒஸ்தா மாமாவாம். நான் வாப்பாவின் பெயரைச் சொன்னதும், எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"உங்களையும் நான்தான் வெட்டின. அண்டைக்கும் இப்பிடித்தான் ஓடின நீங்க."

சபை சிரித்துக் களைத்ததே தவிர நாள் முடிவாகவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். பஸ்மினா என்னோடு கதைப்பதில்லை. இந்தக் கல்யாணம் குழம்பினால் பழி உங்கள் தலையில்தான். படத்தை உடனே நிறுத்தவும்.

உம்மாவுக்கு என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல தொழிலொன்றைத் தருவானாக.

இப்படிக்கு,
நடுக்கம் தீராத மாமா
மீராலெவ்வை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது நிந்தவூரிலிருந்து போன். ஓமாம், வாற மாசமே கல்யாணமாம். படத்தை நிறுத்த வேண்டாம், நன்றாக ஓடட்டும். மூத்தாப்பாதான் ஒற்றைக்காலில் நின்றாராம்: "இந்தச் சம்பந்தத்த விட்டுராதீங்க. இவ்வளவு பயந்த மாமனார் நம்மட பொடியனுக்கு வேற எங்க கிடைப்பாரு?"