வடக்கே சூலம், தெற்கே டில்லி

"வண்டியைத் திருப்புங்கோ!" என்று ஜோசியர் கத்தியபோது, வக்கீல் பிரணதார்த்தி கழுத்தில் ஏழு மாலையோடும் கண்ணில் தூசுக் கண்ணாடியோடும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிழக்கு மாட வீதி முழுக்க ஜனம். நல்ல நேரம் முடிய எட்டே நிமிஷம் பாக்கி.

"எங்கே ஓய் திருப்பறது? டில்லி வடக்கேன்னா இருக்கு!"

"அதனாலதான் சொல்றேன். இன்னிக்குப் புதன்கிழமை. வடக்கே சூலம்."

"பரிகாரத்துக்குப் பால் சாப்பிட்டாச்சே!"

"ஒரு டம்ளர் பால் நெல்லூர் வரைக்கும் தாங்கும். டில்லிக்குத் தாங்குமா? முதல்லே தெற்கே அடையாறு வரைக்கும் போங்கோ. அப்புறம் சைதாப்பேட்டை வழியா சுத்திண்டு வடக்கே திரும்பிடுங்கோ. சூலம் ஏமாந்து போயிடும்."

கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரர்களை ஏமாற்றியே பேர் வாங்கிய வக்கீலுக்குச் சூலத்தை ஏமாற்றும் யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. நாலு பேர் சேர்ந்து வண்டியின் மூக்கைத் தெற்கே திருப்பி வைத்தார்கள்.

மூக்கு என்றால் சாதாரண மூக்கில்லை. வண்டியில் பாதி மூக்குத்தான். சிவப்பு வர்ணம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. சீமையிலிருந்து கப்பலில் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்த 1935-ஆம் வருஷத்தில் மயிலாப்பூரில் கார் வைத்திருந்த வக்கீல்கள் உண்டு. ஆனால் எல்லாம் மடிசஞ்சிக் கார்கள். ஸ்போர்ட்ஸ் கார் பிரணதார்த்திக்கு மட்டும்தான். அதை அவரே ஓட்டிக்கொண்டு சென்னையிலிருந்து டில்லிக்குப் பத்து நாளில் போய், பத்து நாளில் திரும்புவதாக அறிவித்திருந்தார். இங்கிலீஷ் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரியைக் கத்தரித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

பக்கத்து இருக்கையில் மெக்கானிக் ஷரஃபுதீன். மாம்பலத்தில் பட்டறை வைத்திருப்பவன். அவன் மடியில் ஒரு பெட்டி ஸ்பானர்.

"ஓய் பிரணதார்த்தி!" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார் சக வக்கீல் அப்பண்ணா ஐயங்கார். "வண்டி முதல்லே அடையாறு தாண்டட்டும். டில்லியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்!"

கூட்டம் சிரித்தது. வாசலில் நின்றிருந்த பிரணதார்த்தியின் மனைவி ஜானு மட்டும் சிரிக்கவில்லை. தெப்பக்குளம் சுற்றி ஒரு வீடு விடாமல், 'எங்காத்துக்காரர் தானே ஓட்டிண்டு டில்லி போறார்' என்று சொல்லி வைத்திருந்தவள் அவள். வண்டியருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அந்த மனுஷர் மூஞ்சியிலே கரியைப் பூசிட்டு வாங்கோ. அது போதும் எனக்கு."

பிரணதார்த்திக்கு மார்பு விம்மியது. பத்து வருஷ தாம்பத்தியத்தில் ஜானு அவரை இப்படி ஒரு பெருமையோடு பார்த்ததே இல்லை. ஆரனை நாலு தரம் அழுத்திவிட்டுப் புறப்பட்டார்.

வண்டி அடையாற்றுப் பாலத்தின் நடுமத்தியில் 'மடக்' என்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் எஞ்சின் மட்டும் ஓடியது, வண்டி ஓடவில்லை.

ஷரஃபுதீன் கீழே புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"பின் அச்சு பூட்ச்சு, வக்கீல் சாப். ரெண்டு துண்டு."

"டில்லி வரைக்கும் தாங்குமா?"

"இந்தப் பாலம் வரிக்கும்கூட தாங்காது சாப். தள்ளிக்கினு ஊட்டுக்குப் பூடலாம். பம்பாய்ல சொல்லி அச்சு வரவழைச்சு, மாட்டிக்கினு, அடுத்த வாரமா கெளம்பு."

பிரணதார்த்தி மயிலாப்பூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏழு மாலை போட்ட ஜனம் இன்னும் கலைந்திருக்காது. அப்பண்ணா நிச்சயம் கலைந்திருக்க மாட்டார்.

"அது முடியாது பாய். யாத்திரைன்னு புறப்பட்டவன் காரியம் முடியாம திரும்பி வந்து வாசப்படி ஏறப்படாது. சாஸ்திரம்."

"சாஸ்திரத்துல பின் அச்சு உடைஞ்சா இன்னா பண்ணச் சொல்லிக்கீது?"

"முதல்லே தள்ளு. பாலத்தோட அந்தக் கரைக்குத் தள்ளு" என்றார் வக்கீல். இரண்டு பேருமாக வேர்த்து விறுவிறுத்துத் தள்ளினார்கள். தென்கரை மண்ணில் சக்கரம் பட்டதும் பிரணதார்த்தி நிமிர்ந்து நின்றார்.

"அடையாறு தாண்டியாச்சா இல்லையா? நீதான் சாட்சி!"

அதன் பிறகு நடந்ததைச் சாட்சி வைத்துச் சொல்ல அவருக்கே விருப்பமில்லை. ஒரு மாட்டுவண்டி பிடித்து, காரை அதன் பின்னால் கயிற்றால் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, சைதாப்பேட்டை வழியாகச் சுற்றி மாம்பலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜோசியர் சொன்ன அதே வழி. வழியில் ஒருவர் வைக்கோல் என்ன விலை என்று கேட்டார்.

தியாகராய நகர் அப்போதுதான் புது நகரம். ஷரஃபுதீனின் வீடும் பட்டறையும் அதன் மூலையில், பழைய ஏரிக்கரை ஓரமாக இருந்தன. மயிலாப்பூர்க்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. பட்டறையில் தார்ப்பாய்க்குப் பின்னால் வக்கீலுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் போட்டாயிற்று. ஸ்டேஷன் எதிரில் இருந்த பிராமணாள் ஹோட்டலிலிருந்து மூன்று வேளையும் எடுப்புச் சாப்பாடு. ஷரஃபுதீனின் மனைவி ஹாஜிரா பீ இரண்டாம் நாளே கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

"டில்லி போன ஆளு மூணு வேளையும் மாம்பலத்து இட்லி துன்னா, ஊர்ல யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. பிரணதார்த்தி யோசித்தார். யோசித்ததுதான் வினை.

ஹாஜிரா பீயின் தம்பி ஹபீபுர் ரஹ்மான் தோல் வியாபாரி. அன்று சாயங்காலம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வடக்கே கிளம்புகிறான். நெல்லூரில் இரண்டு நாள், பெஜவாடாவில் மூன்று நாள், நாக்பூரில் மூன்று நாள் வியாபாரம் பார்த்துவிட்டு டில்லி போய்ச் சேருவான். அச்சொட்டாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் வேகம்!

அவன் போகிற ஊர்களிலெல்லாம் தபாலில் சேர்ப்பதற்காகப் பிரணதார்த்தி உட்கார்ந்த இடத்தில் எட்டு தபால் கார்டு எழுதிக் கொடுத்தார். நாலு அப்பண்ணாவுக்கு, நாலு ஜானுவுக்கு. 'கிருஷ்ணா நதியைக் கடந்தேன். வண்டி குதிரையாகப் பாய்கிறது' என்று பெஜவாடா கார்டில் இருந்தது. ஜானுவின் கார்டுகளில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி கூடுதல். எழுதும்போதே அவள் அதைக் குளத்தங்கரைப் பெண்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று நினைத்து, 'குதிரை' என்பதை அடித்துவிட்டுப் 'புலி' என்று போட்டார்.

ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை வக்கீலும் மெக்கானிக்கும் காருக்கடியில் மல்லாந்து கிடந்தார்கள். பம்பாயிலிருந்து ரயில் பார்சலில் வந்த அச்சு வேறு மாடலுக்கானது. ஷரஃபுதீன் அதை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். வக்கீல், இடுப்பில் ஒரு கைலியோடு, விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மெக்கானிக் ஷரஃபுதீன் ஆம் இதுதானே?"

அப்பண்ணா ஐயங்கார்! பிரணதார்த்தி விளக்கை ஊதி அணைத்தார். தார்ப்பாய் வண்டியை மூடியிருந்தது. கால்களை மூடவில்லை.

"அவரு ஊர்ல இல்லீங்க. டில்லி போயிருக்காரு" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜிரா பீயின் குரல்.

"தெரியுமே! அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்காத்துக்காரரும் எங்க பிரணதார்த்தியும் நாலே நாள்லே டில்லி போய்ச் சேர்ந்துட்டா! நெல்லூர், பெஜவாடா, நாக்பூர்னு தினம் ஒரு கார்டு. ஞாயித்துக்கிழமை டில்லியிலேர்ந்து தந்தியே வந்துடுத்து. 'வந்து சேர்ந்தேன், உடனே திரும்புகிறேன்'னு!"

காருக்கடியில் பிரணதார்த்தி ஷரஃபுதீனைப் பார்த்தார். ஷரஃபுதீன் காதருகே முனகினான்: "மச்சான், தோலு வெலை எறங்கிப் போச்சுன்னு எங்கியும் எறங்காம நேரா பூட்டான் போல, சாப். கார்ட எல்லாம் ஸ்டேஷன் ஸ்டேஷனா போட்டுக்கினே போய்கீறான். தந்தி அவனா சேர்த்துக்கினது."

"யாரும்மா அது கீழே? நாலு கால் தெரியறது!" என்றார் அப்பண்ணா.

"புது ஆளுங்க. வேல தெரியாது, எப்பப் பாத்தாலும் படுத்துக்கினே கீறானுங்க" என்றாள் ஹாஜிரா பீ.

அப்பண்ணா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

"நான் அவனைக் கேலி பண்ணினேன்மா. அடையாறு தாண்டாதுன்னு ஊர் முன்னாலே சொன்னேன். இப்போ எனக்கே வெக்கமா இருக்கு. கோர்ட்டிலே ஜட்ஜ் துரையே என்னைக் கூப்பிட்டு, 'உங்க மயிலாப்பூர்க்காரராமே!'ன்னு கை குலுக்கினார். பெருமையா இருந்தது. வர்ற ஞாயித்துக்கிழமை ராயப்பேட்டை எல்லையிலேர்ந்து மேளதாளத்தோட அழைச்சுண்டு வரப்போறோம். உங்காத்துக்காரருக்கும் சரிகைச் சால்வை. சொல்லி வைக்கத்தான் வந்தேன்."

எண்ணெய் சொட்டுச் சொட்டாக மூக்கில் விழுந்துகொண்டிருக்க, பிரணதார்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பண்ணா வாயால் இப்படி ஒரு வார்த்தை! அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வந்தது பெருமைதான். நாலு நாளில் டில்லி என்பது லேசான காரியமா? எந்தச் சென்னைவாசி செய்திருக்கிறான்? அப்பண்ணா கிளம்பிப் போனதும் காருக்கடியிலிருந்து வெளியே வந்தவர், நடையிலேயே டில்லி போய் வந்தவராக இருந்தார்.

"சாப், இப்பவே போய் நெசத்தைச் சொல்லிட்டா இன்னா?" என்றான் ஷரஃபுதீன்.

"உனக்குச் சரிகைச் சால்வை வேண்டாமா?"

ஷரஃபுதீன் கதவுப் பக்கம் பார்த்தான். கதவிடுக்கிலிருந்து ஹாஜிரா பீயின் விரல் அரத்தைக் காட்டியது. அவன் மறுபடி அரத்தை எடுத்தான்.

ராவிய அச்சு ஒருவழியாகப் பொருந்தியது. ஆனால் முதல் கியரைத் தவிர வேறெதுவும் விழ மறுத்தது. வண்டி உலகமே அதிரக் கத்திக்கொண்டு மனுஷன் நடக்கிற வேகத்தில் போயிற்று. அதோடு, பத்து நாள் தார்ப்பாய்க்குள் இருந்ததால் அது புறப்பட்ட நாளைவிடப் பளபளவென்று இருந்தது. எனவே மாம்பலம் ஏரி மண்ணைக் கரைத்து நாக்பூர்ச் சேறாக அப்பினார்கள். மேலே சலித்த செம்மண்ணைத் தூவினார்கள். பிரணதார்த்தி தன் முகத்திலும் கொஞ்சம் பூசிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயப்பேட்டை எல்லையில் நாதஸ்வரம் முழங்கியது. முதல் கியரைப் பற்றிய கவலையே தேவைப்படவில்லை. முன்னால் மேளக்காரர்கள் நடந்தார்கள். பின்னால் ஸ்போர்ட்ஸ் கார் நடந்தது. "பாருங்கோ, நாலு நாள்லே டில்லி போனவர், ஜனங்களுக்கு மரியாதை கொடுத்து எத்தனை பதவிசா வர்றார்!" என்று ஒரு மாமி உருகினாள். பன்னீரும் பூவும் மழையாகப் பொழிந்ததில் நாக்பூர்ச் சேறு வழிந்து வேட்டிகளில் ஒட்டியது. அதையும் பிரசாதமாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் ஒரு பெரியவர்.

மாட வீதியில் பந்தல். மேடை ஏறிய பிரணதார்த்தி பெண்கள் கூட்டத்தில் ஜானுவைத் தேடினார். காணோம்.

"உங்காத்து மாமி பொறந்தாத்துக்குப் போயிருக்கான்னு கேள்வி. நீங்க இருபது நாள் கழிச்சுத்தானே வர்றதா இருந்தது? தனியா இருப்பானேன்னு போயிருப்பா" என்றார் அப்பண்ணா.

பிரணதார்த்திக்குச் சுருக்கென்றது. இத்தனை ஜனமும் யாருக்காக? அவள் ஒருத்தி பார்க்கத்தானே இத்தனை பாடும்! ஆனால் அடுத்த நிமிஷம் ஆளுயர மாலை கழுத்தில் விழுந்தது, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பேசினார். விந்திய மலையில் எதிரே வந்த புலி ஆரன் சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிட்டதைச் சொன்னார். நர்மதையை ஓடத்தில் காரோடு கடந்ததைச் சொன்னார். மேடை ஓரத்தில் சரிகைச் சால்வையோடு நின்ற ஷரஃபுதீன், புலி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான். ஜனம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது.

அப்பண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று கேட்டார்:

"டில்லியிலே எங்கே தங்கினீர்? அதைச் சொல்லலையே! எல்லாரும் கேக்கட்டும்!"

பிரணதார்த்தி மாலையைச் சரிசெய்துகொண்டார். டில்லியில் அவருக்குத் தெரிந்த ஒரே விலாசம் ஜானுவின் அண்ணா வீடுதான். அவன் அங்கே சர்க்கார் குமாஸ்தா.

"வேறே எங்கே? ஜானுவோட அண்ணா ஆத்துலதான்! ஒரு நாள் முழுக்க அங்கேதான் இருந்தேன். மன்னி கையாலே மூணு தரம் காபி. 'எங்க ஜானு குடுத்து வெச்சவ'ன்னு அவா எல்லாருக்கும் கண்ணிலே ஜலம். அந்த ஆத்திலே என்னைத் தவிர வேறே பேச்சே இல்லை!"

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும்போது, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடையருகே வந்தாள் தேவானை. பிரணதார்த்தி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில் தொங்கியது.

"இன்னா சாமி, நீங்க மட்டும் தனியா வந்துக்கீறீங்க?" என்றாள் பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "நீங்க டில்லிக்குள்ள வர்றச்சே மொத ஆளா நின்னு ஆரத்தி சுத்தணும்னு, நீங்க கெளம்புன அன்னிக்கே ரயில் ஏறி, அம்மா அந்த அண்ணாரு ஊட்லதானே இன்னும் ஒக்காந்துக்கினு கீறாங்க!"